பூண்டு ஏன் கடைசியில் வர வேண்டும்?

உரிக்காத பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாசனையும் இருக்காது. அதையே அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கூடம் வரைக்கும் நெடி போகும். முழுப் பல்லாகக் குழம்பில் போட்டு வேகவிட்டாலோ நெடியும் இல்லை, காரமும் இல்லை. நாக்கில் வைத்ததும் வெண்ணெய் போலக் கரைந்து இனிக்கிறது. ஒரே பூண்டுக்கு எப்படி இத்தனை குணம்?

இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். கார்லிக் பிரெட் செய்ய ஆசைப்பட்டு, மணமாக இருக்கட்டும் என்று ஒரு கைப்பிடி பச்சைப் பூண்டை அரைத்து மைதாவோடு பிசைகிறார்கள் சிலர். மாவு உப்ப மறுக்கிறது. பிசுபிசுவென்று கையோடு வருகிறது. ஈஸ்ட் பழசு என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஈஸ்ட் மேல் தவறே இல்லை.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க இந்த அத்தியாயத்தில் ஒரு பிரெட் செய்வோம். இடம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு சாதாரண வீட்டு அடுக்களை. காலம் கத்திரி வெயில். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடக்கும் உணவகங்களில் கார்லிக் பிரெட் சாதாரணமாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதை வாங்கித் தின்பது அல்ல, அது எப்படி உண்டாகிறது என்று அறிவது.

மூன்று டம்ளர்கள்

மாவைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. மூன்று டம்ளர்களில் பாதியளவு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டும் கலக்குங்கள். முதல் டம்ளரில் வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் நான்கைந்து பச்சைப் பூண்டுப் பற்களை நன்றாக நசுக்கிப் போடுங்கள். மூன்றாவதில் அதே அளவு பூண்டு. ஆனால் நசுக்காமல் முழுப் பல்லாகக் கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறிய பிறகு மசித்துப் போட வேண்டும்.

அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். முதல் டம்ளரில் நுரை பொங்கியிருக்கும். இரண்டாவது மந்தமாகக் கிடக்கும். பூண்டின் அளவு கூடக் கூட மந்தமும் கூடும். மூன்றாவதில் நுரை கிட்டத்தட்ட முதல் டம்ளரைப் போலவே எழும்.

அப்படியானால் ஈஸ்ட்டை அடக்குவது பூண்டு அல்ல. நசுக்கும்போது பூண்டில் புதிதாகப் பிறக்கும் ஏதோ ஒன்று. வேகவைத்த பிறகு நசுக்கினால் அது பிறப்பதில்லை.

பல்லுக்குள் இரண்டு அறைகள்

பூண்டுப் பல்லுக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனியாகக் காக்கப்படுகின்றன. ஒன்று அல்லியின். இது கந்தகம் கலந்த, வாசனையில்லாத பொருள். மற்றொன்று அல்லினேஸ் என்னும் நொதி. உயிர்களுக்குள் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்துக்கு நொதி என்று பெயர். உயிரணுக்கள் முழுதாக இருக்கும்வரை இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தீக்குச்சி முனையில் ஒரு மருந்தும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மருந்தும் இருக்கின்றன, உரசினால்தான் தீ. பூண்டிலும் அதே ஏற்பாடுதான்.

நசுக்கும்போது உயிரணுச் சுவர்கள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. சில விநாடிகளில் அல்லியின் உடைந்து அல்லிசின் என்ற புதுப் பொருள் உருவாகிறது. நம் மூக்கில் ஏறும் நெடி அதனுடையதும், அது சிதைந்து பிறக்கும் மற்றக் கந்தகப் பொருள்களுடையதும்தான். 1944இல் அமெரிக்க வேதியியலாளர்கள் செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் அல்லிசினைப் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாக்களை அடக்குவதையும் காட்டினார்கள்.

பூண்டுச் செடி இதையெல்லாம் நம் சமையலுக்காகச் செய்யவில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பூச்சி கடிக்கும், பூஞ்சை துளைக்கும். கடித்த இடத்தில் அந்த நொடியே மருந்து உருவாக வேண்டும்; கடிக்காத இடத்தில் அது உருவானால் செடிக்கே கேடு. அதனால்தான் இரண்டு அறைகள்.

வேகவைத்த பூண்டின் சாதுவான குணத்துக்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. கொதிநீரின் சூட்டில் அல்லினேஸ் உருக்குலைந்து செயலிழக்கிறது. பிறகு எவ்வளவு மசித்தாலும் அல்லியின் அல்லியினாகவே இருந்துவிடும். பூண்டுக் குழம்பிலும் பூண்டுப் பாலிலும் முழுப் பற்கள் இனிப்பது இதனால்தான்.

ஈஸ்ட்டின் இடத்திலிருந்து பார்த்தால்

ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர். பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூண்டு எந்தக் கூட்டத்துக்கு எதிராக ஆயுதம் வைத்திருக்கிறதோ, அதே கூட்டம். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சிறிது ஆல்கஹாலையும் வெளிவிடுவது அதன் வேலை. அந்த வாயு மாவுக்குள் மாட்டிக்கொள்வதால்தான் பிரெட் உப்புகிறது.

அந்த வேலையை ஈஸ்ட்டுக்குள் இருக்கும் நொதிகள் நடத்துகின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கந்தகம் இருக்கும் பகுதிதான் உயிர்நாடி. அல்லிசின் உள்ளே நுழைந்து அந்தப் பகுதிகளோடு ஒட்டிக்கொள்கிறது. நொதிகள் முடங்குகின்றன, ஈஸ்ட் சோர்கிறது.

பச்சைப் பூண்டின் சேட்டை இதோடு முடிவதில்லை. மாவுக்கு உறுதி தரும் புரதவலையும் கந்தகப் பிணைப்புகளால் கட்டப்பட்டது. பூண்டின் கந்தகப் பொருள்கள் அந்தப் பிணைப்புகளிலும் கைவைத்து வலையைத் தளர்த்துகின்றன. மாவு பிசுபிசுத்துக் கையோடு வந்ததற்கு இதுவே காரணம். ஊதுகிறவனையும் முடக்கி, பலூனையும் ஓட்டையாக்கினால் எது உப்பும்?

மைதாவுக்கு மட்டும் என்ன சிறப்பு?

அந்தப் புரதவலையைக் கண்ணால் பார்க்கலாம். கெட்டியாகப் பிசைந்த மைதா உருண்டையை அரை மணி நேரம் ஊறவைத்து, குழாயடியில் பிடித்துப் பிசைந்துகொண்டே இருங்கள். வெள்ளைச் சாறாக மாவுச்சத்து கழுவிப் போகும். கடைசியில் கையில் ரப்பர் போல ஒரு கட்டி மிஞ்சும். அதுதான் குளூட்டன். பசைப்புரதம் என்று சொல்லலாம். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து அறிஞர் பெக்காரி 18ஆம் நூற்றாண்டிலேயே கோதுமை மாவை இப்படிக் கழுவிப் பிரித்துக் காட்டினார். அவருடைய கட்டுரை 1745இல் அச்சானது.

பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடித் தாள் போல விரிக்கிறாரே, அது பசைப்புரதத்தின் வித்தை. அரிசி மாவில் அப்படி ஓர் உருண்டையை வீசிப் பாருங்கள், உதிர்ந்துவிடும். அரிசிக்குப் பசைப்புரதம் கிடையாது.

பாலாற்றுப் பாசனமும் ஏரிகளும் நிறைந்த இந்தப் பகுதி நெல் விளையும் பூமி. கோதுமை இதற்கு அந்நியம். 17ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்களில் சிலர், திருக்கழுக்குன்றம் மலையின் ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய நாட்டில் அன்றாட உணவு பிரெட். நம் நாட்டவரோ அரிசியையே உப்பவைக்க வேறு வழி கண்டிருந்தார்கள். உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும் குமிழ்களைப் பிடித்து வைக்கின்றன, லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வாயு தருகின்றன, இட்லி உப்புகிறது. வாயு தர ஓர் உயிர், பிடித்து வைக்க ஒரு வலை. இட்லிக்கும் பிரெட்டுக்கும் அடிப்படை இதுவே.

கத்திரி வெயிலில் பிசைவது

இப்போது மாவுக்கு வருவோம். 300 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஈஸ்ட் எவ்வளவு? பெரும்பாலான செய்முறைகள் இந்த அளவு மாவுக்கு ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கேட்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லும். அவை குளிர்நாட்டு அடுக்களைகளுக்காக எழுதப்பட்டவை. நம் ஊர் மே மாதத்தில் கதகதப்பான இடத்தைத் தேட வேண்டியதில்லை. கதகதப்பு இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

ஈஸ்ட் சுமார் 35 டிகிரி வரை சூடு ஏற ஏற வேகமாக உழைக்கும். 40ஐத் தாண்டினால் தளரும். 55 முதல் 60 டிகிரிக்குள் செத்துவிடும். வேகமாக உப்பினால் நல்லதுதானே என்று தோன்றும். பிரெட்டின் சுவை, ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும்போது சேரும் அமிலங்களிலும் மணப்பொருள்களிலும் இருக்கிறது. அவசரமாக உப்பிய மாவில் சுவை சேர நேரமில்லை. வலை முறுக்கேறவும் நேரமில்லை. சற்றுக் கவனிக்காமல் விட்டால் அளவுக்கு மீறி உப்பி, சாராய வாடையோடு அமுங்கிப்போகும். வெயில் காலத்தில் இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிப் புளித்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இருக்காது.

பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி அளவில் இருந்தால் நல்லது என்பது பேக்கரிக்காரர்களின் அனுபவம். அதை எப்படிக் கொண்டுவருவது? மாவு, அறை, தண்ணீர் ஆகிய மூன்றின் வெப்பமும் சேர்ந்து பிசைந்த மாவின் வெப்பத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றின் சராசரி 26 வர வேண்டுமானால், மூன்றையும் கூட்டினால் 78 வர வேண்டும். நம் அடுக்களை 34 டிகிரி. டப்பாவில் இருக்கும் மைதாவும் 34. இரண்டும் சேர்ந்து 68 ஆகிவிட்டது. மிச்சம் 10. ஆகவே தண்ணீர் 10 டிகிரியில் இருக்க வேண்டும். அதாவது ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் சுடுதண்ணீரை ஊற்றினால் கணக்கு எங்கேயோ போய்விடும். மார்கழியில் அடுக்களையும் மாவும் 25 டிகிரியில் இருந்தால், அதே கணக்கு 28 டிகிரித் தண்ணீரைக் கேட்கும். அப்போது குழாய்த் தண்ணீரே போதும்.

ஈஸ்ட்டை நேரடியாகக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அது சோர்ந்துபோகும். அதனால் முதலில் மாவில் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயில் காலத்தில் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போதும். இன்னொரு செய்தி: கடற்காற்று வீசும் ஊரில் திறந்து வைத்த மைதா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். ஆகவே இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரைக் கையில் நிறுத்திக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள். பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல. மாவு இரண்டு மடங்கானதும் விரலை ஈரமாக்கி ஓர் அழுத்து அழுத்துங்கள். குழி உடனே மேலெழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதியளவு எழும்பி நின்றால் பதம். எழும்பவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. பதம் வந்த மாவை நீளவாக்கில் உருட்டி, மீண்டும் அரை மணி நேரம் போல உப்பவிடுங்கள்.

இதுவரை பூண்டு உள்ளே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

தொட்டியில் வளரும் ஆரிகானோ

மூலிகைகளின் முறை. பீட்சாக் கடையில் சிறு பொட்டலத்தில் தரும் உலர்ந்த ஆரிகானோவின் மணத்துக்கு முக்கியக் காரணம் கார்வக்ரால் என்ற பொருள். அதே பொருள் நம் வீட்டு வாசல் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. சளிக்குக் கஷாயம் வைக்கும், பஜ்ஜி போடும் அதே ஓமவல்லிதான். ஐரோப்பியர்கள் தைம் என்று கொண்டாடும் இலையின் மணப்பொருளான தைமால், நம் ஓமத்தில் தாராளமாக உண்டு. இத்தாலியர்களின் பேசிலும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே தாவர இனம். வகைகள் வேறு என்பதால் மணத்தில் வேறுபாடு இருக்கும். நாம் சர்பத்தில் ஊறவைத்துக் குடிக்கும் சப்ஜா விதை அதன் விதைதான்.

இந்த மணங்களும் செடியின் ஆயுதங்களே. கார்வக்ராலும் தைமாலும் நுண்ணுயிர்களின் சவ்வைச் சேதப்படுத்தக்கூடியவை. பச்சைக் கற்பூரவல்லியை நிறைய அரைத்து மாவில் சேர்த்தால், பூண்டு செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

எந்த இலையை எப்போது சேர்ப்பது என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கற்பூரவல்லியும் கறிவேப்பிலையும் ஓமமும் சூட்டைத் தாங்கும். வெண்ணெயில் லேசாக வதக்கினால் மணம் கொழுப்பில் இறங்கித் தங்கும். கற்பூரவல்லி தடித்த, நீர் நிறைந்த இலை என்பதால் வதக்குவது ஈரத்தையும் போக்கும். கொத்தமல்லித் தழையின் மணம் சூடு பட்டதும் பறந்துவிடும். அதையும் புதினாவையும் பிரெட் வெளியே வந்த பிறகு தூவுங்கள்.

அடுப்புக்குள் நடப்பது

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, உப்பிய மாவை வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கனமான குக்கரில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்துச் சுடுவார்கள். அப்படிச் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

முதல் சில நிமிடங்களில் பிரெட் துள்ளி எழும்பும். சூட்டில் வாயு விரிகிறது, நீர் ஆவியாகிறது, ஈஸ்ட்டும் சாகும் முன் கடைசியாக ஒருமுறை வேகமெடுக்கிறது. உட்புறம் 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது. மேலும் சூடேறும்போது பசைப்புரதம் இறுகி, குமிழ்கள் இருந்த இடத்திலேயே நிலைக்கின்றன. உட்புறம் கடைசிவரை 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் விடாது. மேற்பரப்பு மட்டும் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போகிறது. அங்கே சர்க்கரைகளும் புரதங்களின் துண்டுகளும் சேர்ந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மயார் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. இட்லி ஆவியில் 100 டிகிரியோடு நின்றுவிடுவதால் எவ்வளவு நேரம் வைத்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது. அதே மாவு தோசைக்கல்லில் முறுகலாகச் சிவக்கிறது.

இப்போது பூண்டின் நேரம். எட்டுப் பத்துப் பற்களை நசுக்குங்கள். மலைப்பூண்டு என்றால் நெடி அதிகம், நான்கைந்தே போதும். நசுக்கியதை ஓரிரு நிமிடம் சும்மா விடுங்கள். நொதி தன் வேலையை முடித்துக்கொள்ளட்டும். பிறகு 50 கிராம் மென்மையான வெண்ணெயில், வதக்கிய மூலிகையோடு குழையுங்கள். பூண்டின் மணப்பொருள்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும். தண்ணீர் செய்யாத வேலையை வெண்ணெய் செய்கிறது.

பிரெட் முக்கால் பதம் வெந்ததும், அதாவது சுமார் பதினைந்து நிமிடத்தில், வெளியே எடுத்து அடிவரை போகாமல் வெட்டுகள் போடுங்கள். வெட்டுகளுக்குள் பூண்டு வெண்ணெயைத் தடவி, மறுபடி எட்டு நிமிடம் போல வையுங்கள். மேலே தடவினால் சின்னத் துண்டுகள் சட்டென்று காய்ந்து கருகிக் கசக்கும். வெட்டுக்குள் ஈரம் இருப்பதால் பூண்டு கருகாமல் வேகும், பச்சை நெடி அடங்கும், மணம் நிற்கும். ஈஸ்ட் ஏற்கெனவே தன் வேலையை முடித்து மடிந்துவிட்டது. இனி அல்லிசினால் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

பிரெட் முழுக்கப் பூண்டுச் சுவை வேண்டும், மாவிலேயே சேர்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது டம்ளர் வழி காட்டுகிறது. முழுப் பற்களை வேகவைத்தோ சுட்டோ மசித்துச் சேருங்கள். மாவு உப்பும். ஆனால் கிடைப்பது மென்மையான இனிப்புச் சுவை, நெடி அல்ல.

மிச்சத்தை என்ன செய்வது?

மிஞ்சிய பிரெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டையாகிவிடும். கூழான மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகும். ஃபிரிட்ஜின் குளிரில் அது மிக வேகமாக நடக்கும். வெளியே வைத்தால் கடலோர ஈரக்காற்றில் சீக்கிரமே பூஞ்சை பூக்கும். வில்லைகளாக்கி உறைபெட்டியில் வைப்பதே நல்ல வழி. கல்லில் சூடாக்கினால் அடுக்கு கலைந்து மறுபடி மெத்தென்றாகும்.

பூண்டு வெண்ணெயிலும் எண்ணெயிலும் அலட்சியம் கூடாது. மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டி வரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள், காற்றுப் புகாத, புளிப்பில்லாத, கதகதப்பான இடத்தில் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைத்திருந்த நறுக்கிய பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். நம் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல. அந்த அமிலம் பாக்டீரியாவை முளைக்கவிடாது. பூண்டு வெண்ணெயில் அந்தக் காவல் இல்லை. தேவைக்கு மட்டும் செய்யுங்கள். மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறையவையுங்கள்.

பூண்டு பிரெட்டில் ரகசியம் எதுவும் இல்லை. வரிசை மட்டுமே இருக்கிறது. முதலில் ஈஸ்ட் உழைக்க வேண்டும், பிறகு தீ, அதற்குப் பிறகு பூண்டு. செய்முறையில் அச்சிட்ட நிமிடங்கள் வேறோர் ஊரின் வெயிலுக்கு உரியவை. உங்கள் ஊர் வெயிலுக்குத் தண்ணீரின் குளிரையும் ஈஸ்ட்டின் அளவையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிரெட் செய்ய நேரமில்லாவிட்டாலும் மூன்று டம்ளர் சோதனையை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். மூன்றாவது டம்ளர் ஏன் நுரைத்தது என்று அவர்களே சொல்லட்டும்.